முனிக்கு நேர்ந்துவிட்ட பிளக்

சாக்கைக் கீழே வையுங்க அம்மிணி. எடுத்துக்கிட்டுப் போறதுதான் போறீங்க, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க. செருப்பை மட்டும் அந்தக் கல்லுக்கு அப்பால விட்டுருங்க. முனியப்பன் கோவக்காரன். ஆனா தெரியாம வந்தவங்க மேல அவன் கோவப்பட்டு நான் பார்த்ததில்லை.

புதுசா ஷெட்டுக்கு வந்திருக்கிற இன்ஜினியரு நீங்கதானே? காலையில அந்த வெள்ளை ப்ளேனை முடுக்கினீங்க பாருங்க, எத்தனை வருசத்துக்கு அப்புறம்! முதல்ல இருமுச்சு. அப்புறம் சளியைத் துப்பிட்டு ஒழுங்காப் பாட ஆரம்பிச்சுது. நான் முனிக்குப் பொங்கல் வெச்சுக்கிட்டிருந்தவன், அடிப்பிடிக்கிற வாடைகூடத் தெரியாம நின்னுட்டேன். உங்களுக்கு அது இன்ஜின். எனக்கு… சரி, அதை அப்புறம் சொல்றேன்.

இந்த ஸ்பார்க் பிளக்குகளைத்தானே எடுக்க வந்தீங்க? ஆமா, எல்லாம் கீழே விழுந்ததுதான். எனக்கா தெரியாது? ஒவ்வொண்ணும் யார் கையில இருந்து விழுந்ததுன்னு என்னால சொல்ல முடியும். குடுக்க மாட்டேன்னு சொல்லலை அம்மிணி. நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு, அப்புறமும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடுங்க. ஆனா ஒண்ணு, இதுகளை எடுத்தீங்கன்னா என் பையனை நான் இன்னொரு தடவை தூக்கிக் குடுத்த மாதிரி. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

என் பேர் செங்கோடன். ஓடுபாதைக் கடைசியில் இருக்கிற இந்த முனிக்கு எங்கள் அப்பன் காலத்திலிருந்து நாங்கள்தான் பூசாரி. வெள்ளைக்காரன் சண்டைக்காகப் பாதை போட்டபோது இவனைப் பெயர்த்து அந்தப் பக்கம் வைக்கப் பார்த்தார்களாம். முடியாமல் பாதையைச் சுருக்கிக்கொண்டார்களாம். அப்படித்தான் அப்பன் சொல்லுவார். பொய்யாகவும் இருக்கலாம். எங்கள் அப்பன் வாயில் வந்ததில் பாதி பொய்தான்.

இந்தப் பிளக் வழக்கம் அப்பன் காலத்தது இல்லை. அது வேதநாயகம் சார் வந்த பிறகு ஆரம்பித்தது. உங்கள் ஷெட்டில் உங்கள் இடத்தில் இருந்தவர். நாசரேத் பக்கத்துக்காரர். அவர் பேச்சு முதலில் எனக்குப் பாதி புரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, மத்தியானம் இங்கே வந்து என்னோடு உட்காருவார். முனியைப் பார்த்துக் கும்பிட மாட்டார், ஆனால் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

முதல் பிளக்கை அவர்தான் கொண்டுவந்தார். கையில் பளபளவென்று இருந்தது. கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்தார்.

"பூசாரி, இதை உம்ம சாமி காலடியில போட்டு வையும்."

"என்னங்க சார் இது, புதுசாட்டம் இருக்குது?"

"புதுசுதான் வே. பெட்டியப் பிரிக்கயில கீழ விழுந்துட்டு. கீழ விழுந்தா செத்ததுதான். குப்பையில போட்டா எவனாவது பளபளன்னு இருக்கேன்னு எடுத்து மறுபடி அலமாரில வச்சிருவாம். சாமிகிட்ட இருந்து எவனும் களவாங்க மாட்டாம்லா?"

எனக்கு ஆச்சரியம். இரும்பு விழுந்தால் என்ன ஆகிவிடும்? கேட்டேன். அவர் பிளக்கைத் திருப்பி உள்ளே காட்டினார். உள்ளே வெள்ளையாகப் பீங்கான். விழுந்தால் அதில் மயிர் போல ஒரு கோடு விடுமாம். கண்ணுக்குத் தெரியாதாம். சோதிக்கிற மிஷினில் வைத்துப் பார்த்தால் பொறிகூட நன்றாக வருமாம். இன்ஜின் சூடேறி, மேலே போன பிறகுதான் அது தன் புத்தியைக் காட்டுமாம்.

"மனுசனும் அப்படித்தானுங்களே சார்" என்றேன்.

"மனுசன திருத்திக்கிடலாம் வே" என்றார். "பிளக்குக்கு மன்னிப்புக் கெடையாது."

அவர் பிளக் பொறுக்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்ப்பார். அதை நம்பாமல் பிளக்கின் உடம்பில் இருக்கிற எண்ணைப் பார்ப்பார். திருகுகிற புரி நீளமா குட்டையா என்று கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பார். குட்டைப் புரி போடுகிற இடத்தில் நீளப் புரியைப் போட்டால் மூக்கு உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், இன்ஜின் அதை முட்டித் தள்ளும் என்பார். சூட்டுக்கு இது ஆகுமா, குளிர்ந்து கிடக்கிற இன்ஜினுக்கு இது ஆகுமா என்பார். செப்பு வளையம் ஒவ்வொரு தடவையும் புதுசு. காருக்கு ஒரு சிலிண்டருக்கு ஒன்று போதும். ப்ளேனுக்கு ரெண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. மேலே இருக்கிறது சுத்தமாக இருக்கும். கீழே இருக்கிறதுதான் எண்ணெயையும் பெட்ரோலில் இருக்கிற ஈயத்தையும் குடித்துக் கரியாகும். அதனால் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டும்போது மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றுவார். "எல்லாவனுக்கும் ஒரு மொறை உண்டும்லா" என்று சிரிப்பார். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்கிறேன்? கேட்டது காதிலேயே நின்றுவிட்டது, அதான்.

இன்னொரு சட்டம் வைத்திருந்தார். அதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். மாட்டியவன் ஏற வேண்டும். எவன் பிளக்கை மாற்றினானோ அவன், அடுத்து அந்த ப்ளேன் சோதனைக்கு மேலே போகும்போது பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். "நீ மாட்டுனது மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா அடுத்தவன் பிள்ளைய எப்படிவே ஏத்துவ?" என்பார். அவரும் ஏறுவார். ஏறி இறங்கி, வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி போய் வேலை பார்ப்பார்.

கேட்க நல்ல சட்டம். எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். அந்தச் சட்டம்தான் என் பையனைத் தின்றது.

அவசரப்படாதீங்க அம்மிணி, சொல்றேன்.

அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவர, நான் இங்கே வரிசையாக நட்டுவைத்தேன். முனி காலடிக்கு வந்தது இரும்பானால் என்ன, கல்லானால் என்ன? வந்துவிட்டால் அது அவனுடையது. தினமும் புளி போட்டுத் தேய்ப்பேன். மஞ்சள் தடவி, குங்குமம் வைப்பேன். ஒன்றில்கூடத் துரு இருக்காது, பாருங்க. கடையில் வாங்கியதுகூட இப்படி மின்னாது.

ஒரு தடவை இங்கே இருந்த ஃபிளையிங் கிளப்பில் பறக்கப் படிக்க வந்த பெண் ஒருத்தி, முதல் முறையாகத் தனியாகப் போகிற நாள், இங்கே வந்து நின்று அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிளக்கை எடுத்து, முனி காலில் வைத்து, அவள் கையில் கொடுத்தேன். "இதை வெச்சுக்க கண்ணு, மேல முனி இருக்கறான்" என்றேன். போனாள், சுற்றினாள், பூ மாதிரி இறக்கினாள். அதற்கப்புறம் மற்ற பிள்ளைகளும் பிளக் கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம். வேதநாயகம் சார் ஒருநாள் ஒரு பையன் சட்டைப்பையில் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பாக்கெட்ல கெடக்கட்டும் வே" என்றார். "இன்ஜின்ல மட்டும் ஏறக்கூடாது. பாத்துக்கிடும்."

பார்த்துக்கொண்டேன். நான் என்ன அவ்வளவு விவரமில்லாதவனா?

என் பையன் பேர் மாதேசு. ஒரே பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவனும் ஷெட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தான். அவர்தான் சேர்த்துக்கொண்டார். அவனுக்கும் என்னைப் போலவே காது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், மேலே ப்ளேன் போகும், வாயில் களியோடு "மூணாவது சிலிண்டர்ப்பா" என்பான். அவன் அம்மா பாவாயி, "நீங்க ரெண்டு பேரும் சோறு திங்கறீங்களா சத்தம் திங்கறீங்களா?" என்பாள். பாவாயி பேச்செல்லாம் அப்படித்தான். சிரிக்காமல் சொல்லுவாள், நாம் சிரிப்போம். அப்போதெல்லாம் பேசுவாள்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. வேதநாயகம் சாருக்கு அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று சேதி வந்து ஊருக்குப் போய்விட்டார். போகும்போது மாதேசுவிடம், "சந்தேகம்னா ப்ளேன நிறுத்திப்போடு. நிக்கிற ப்ளேன் ஒருத்தனையும் கொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லிவிட்டுப் போவது பெரிசா அம்மிணி? இருந்திருக்க வேண்டாமா? அவர் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

பிள்ளைகளுக்குப் பரீட்சை எடுக்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். இருந்த ப்ளேன்களில் பறக்கிற நிலையில் இருந்தது ஒன்றுதான். அதிலும் ஒரு பிளக் கெட்டுப்போய்விட்டது. கீழ்ப் பிளக். சொல்லிக் கொடுக்கிற கேப்டன் தாமோதரன் நல்ல மனுசன்தான், ஆனால் அவசரக்காரர். "என்னப்பா மாதேசு, ஒரு பிளக்குக்காக ஊரையே நிறுத்துவியா?" என்று பையனைப் போட்டுப் படுத்துகிறார். அலமாரியில் இருந்ததெல்லாம் நீளப் புரி. இதற்கு வேண்டியது குட்டைப் புரி. மெட்ராஸிலிருந்து வர வேண்டும், மழையில் லாரி எங்கேயோ நின்றுவிட்டது.

காலையில் பையன் இங்கே வந்தான். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். பாவாயி தூக்குப்போசியில் களியும் கீரையும் கொண்டுவந்திருந்தாள். அவன் சாப்பிடாமல் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ப்ளேனை நிறுத்திப்போடறேன்ப்பா. பரீட்சை போனாப் போவட்டும். பழி என் மேல வந்தா வரட்டும்" என்றான்.

பெத்தவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாகத் தனியாக நிற்கிறான். பிள்ளைகளெல்லாம் அவனைத் திட்டுவார்கள். எனக்கு இந்த வரிசை கண்ணில் பட்டது. ஓரத்தில் ஒன்று.

"டேய், அது குட்டைப் புரிதானே?"

திரும்பிப் பார்த்தான். "அது விழுந்ததுப்பா."

"எப்ப?"

"ஆடியில. பெட்டி பிரிக்கறப்ப."

"இன்ஜின்ல ஏறுச்சா?"

"இல்ல. புதுசு. ஆனா விழுந்தது."

"ஆடியில விழுந்துது. அதுக்கப்புறம் ஆடிப்பூசை ஆச்சு, ஆவணி ஆச்சு, ஆயுதபூசைக்குக் கெடா வெட்டியாச்சு. இத்தனை நாள் முனி காலடியில கெடந்திருக்குது. அதுல இன்னும் பழுது ஒட்டிக்கிட்டு இருக்குமா? முனி என்ன சும்மாவா நிக்கறான்?"

பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவாயிதான் குறுக்கே வந்தாள். "அந்த இன்ஜினியரு வேண்டாம்னு கொண்டாந்து போட்டத எதுக்குங்க எடுத்துக் குடுக்கறீங்க?" என்றாள்.

"நீ களியப் போடு. உனக்கென்ன தெரியும்?" என்றேன். பெண்பிள்ளைகளுக்குப் பயம் ஜாஸ்தி. ஆனால் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

நானே எடுத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, முனி நெற்றியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு அதற்கு வைத்து, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினேன். இருந்ததிலேயே நல்லது அதுதான் அம்மிணி. வேறு எதையாவது கொடுத்திருப்பேனா என் பையனுக்கு?

அவன் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போய் மாட்டிவிடவில்லை. ஷெட்டில் மிஷினில் வைத்துப் பார்த்தான். ஓடிவந்து சொன்னான்: "அப்பா, நீலமாப் பொறி விடுதுப்பா! கண்ணைப் பறிக்குது!" முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்தை நான் பார்த்தேன். அது யாருக்குக் கிடைக்கும்? அதற்காகத்தான் நான் முனிக்கு இத்தனை வருசம் மணி ஆட்டினேன் என்று நினைத்தேன்.

அப்புறம் மாட்டினான். மாட்டியவன் ஏற வேண்டுமே. ஏறினான்.

இங்கேயிருந்து கேட்டேன். பறக்குமுன்னால் நிறுத்தி ஒரு சோதனை பண்ணுவீர்களே, ஒரு பக்கம் பொறி கொடுக்கிற காந்தத்தை அணைத்து, சத்தம் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும், அப்புறம் மறுபக்கம். அதையும் கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியது, ஒரே மாதிரி ஏறியது. பசு கன்றுக்கு நிற்கிற மாதிரி நின்றது. அப்புறம் கிளம்பி, என் தலைக்கு மேலேதான் போனது. கையை ஆட்டினான். நான் திருநீற்றுத் தட்டோடு கையைத் தூக்கினேன்.

ஒரு சுற்று வந்தது. அடுத்த சுற்றில் சத்தத்துக்குள் ஒரு சின்னச் சத்தம். சோற்றில் கல் கடிபடுமே, அப்படி. டக். டக். பாவாயி போசியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. அப்புறம் கல் கல்லாகவே கடிபட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. அம்மிணி, சத்தம் நின்றால் அமைதியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அது மாதிரி ஒரு இரைச்சலை நான் கேட்டதே இல்லை.

கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் ஏரியில் இறக்கப் பார்த்திருக்கிறார் கேப்டன். கரையில் புளியமரம். கேப்டனுக்கு இடுப்பு போனது, பிழைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டு மரத்தின் பக்கம்.

விசாரிக்க வந்தார்கள். ஒரு சிலிண்டருக்குள் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருக்கிறது என்றார்கள். என்னமோ சொன்னார்கள். பெட்ரோல் என்ன பெட்ரோலோ, மழைத் தண்ணீர் கலந்ததோ, யார் கண்டது? அந்த அவசரக்காரர் எப்படி முறுக்கினாரோ?

வேதநாயகம் சார் ஊரிலிருந்து வந்தார். அவர் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தார், முள்ளுத் தாடி. உடைந்த இன்ஜினைத் தனியாக உட்கார்ந்து பிரித்திருக்கிறார். பிரித்துவிட்டு இங்கே வந்தார். கையில் கர்ச்சீப். விரித்தார். இந்தா, நடுவில் நிற்கிறதே, கறுப்பாக, இதுதான். பீங்கான் மூக்கில் பாதி இல்லை.

"பூசாரி, இது எங்கேருந்து வந்துது?"

"முனி குடுத்தானுங்க" என்றேன்.

மனுசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. அப்புறம் சொன்னார்: "நான் சுத்தியலால அடிச்சு நொறுக்கியிருக்கணும் வே. முழுசா உம்மகிட்ட தந்தேன் பாத்தீரா, அது எந் தப்பு."

பார்த்தீர்களா? அவரே ஒத்துக்கொண்டார். எந் தப்பு என்று அவர் வாயாலேயே சொன்னார். விசாரணையிலும் அப்படியே சொல்லியிருக்கிறார், அலமாரியில் தானே வைத்துவிட்டதாக. முனி பேரையோ என் பேரையோ எடுக்கவே இல்லை. வேலை போனது. அப்புறம் கிளப்பையும் மூடிவிட்டார்கள். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். தப்பை ஒத்துக்கொண்டவரை என்ன சொல்வது? ஆனால் ஊருக்குப் போயிருக்கக் கூடாது. அந்தச் சட்டம் போட்டிருக்கக் கூடாது. அதைமட்டும் சொல்லுவேன்.

இந்தக் கறுப்பை அவர் எடுத்துப்போகப் பார்த்தார். நான் விடவில்லை. என் பையன் கை கடைசியாகத் தொட்டது அம்மிணி. நடுவில் நட்டேன். தினமும் முதல் பூசை இதற்குத்தான். 'மாதேசு' என்றுதான் கூப்பிடுவேன். யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள், அதனால் மெதுவாகத்தான் கூப்பிடுவேன்.

இருங்க. பேசாதீங்க. காத்து வருது.

கேக்குதா?

குழல் மாதிரி… ஆமா, பிளக்குதான். மேல் பக்கம் வாய் திறந்து கிடக்கிறதில்லையா, காத்து அதில் படும்போது ஊதுகிறது. ஒவ்வொன்றும் ஒரு குரல். எல்லாம் சேர்ந்து ஊதும்போது முதலில் வெறும் ஊளை மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் காது கொடுத்தால், அப்படியே இறங்கும், ஏறும். இந்தப் பக்கம் இறங்கி ஏறும். அந்தப் பக்கம் இறங்கி ஏறும். அப்புறம் என் தலைக்கு மேலே போகும். போய்க்கொண்டே இருக்கும். அது நிற்பதில்லை அம்மிணி. மற்ற சத்தமெல்லாம் நின்றுவிடும், இது மட்டும் கல் கடிபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் கையைத் தூக்குவேன். ப்ளேனே வராத வருசங்களில் தினமும் ப்ளேன் கேட்டவன் நான்.

போன ஆடியில் பெருங்காத்து. ஒருநாள் காலையில் வந்து பார்க்கிறேன், சத்தமே இல்லை. அத்தனை பிளக் வாயிலும் எவனோ துணியைக் கிழித்து அடைத்து வைத்திருக்கிறான். பச்சையில் சின்னப் பூப்போட்ட துணி. பாவாயிகிட்ட அந்த மாதிரி ஒரு பழைய சேலை இருந்தது, அதை எவனுக்கோ கொடுத்திருப்பாள் போல. ஆடு மேய்க்கிற பயல் எவனாவதாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தேன். மறுநாள் மறுபடி அடைத்திருக்கிறது. நானும் மறுபடி பிடுங்கினேன்.

பாவாயியா? வீட்டில்தான் இருக்கிறாள். அந்தா, ஓட்டுவீடு தெரிகிறதே, அதுதான். பேச மாட்டாள். என்கிட்ட மட்டும்தான் அப்படி. ஆட்டுக்குட்டியிடம் பேசுவாள், பக்கத்து வீட்டில் பேசுவாள். எனக்குச் சோறு வைப்பாள், வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். திருநீறு கொடுத்தால் வாங்கமாட்டாள். ஒரு தடவை நானே நெற்றியில் வைக்கப் போனேன், என் கையைப் பார்த்தாள். வெறுமனே கையைப் பார்த்தாள். பாம்பைப் பார்க்கிற மாதிரி. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவள், புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது. காலம் ஆற்றும் என்றுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். திட்டினாலும் போதும். நான் சாவதற்குள் அவள் வாயிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தை, அதைத்தான் முனியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு அந்த வெள்ளை ப்ளேனில் நீங்களும் ஏறுகிறீர்களா? பிளக்கெல்லாம் நீங்கள்தானே மாட்டினீர்கள்? அப்ப இருங்க. பேச்சுவாக்கில் பாருங்க, உங்களுக்கென்றே ஒன்றைத் துடைத்து வைத்துவிட்டேன். குங்குமம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. சாக்கில் எடுத்துப்போவதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் இதைப் பிடிங்க. பயப்படாதீங்க, இன்ஜினில் போடச் சொல்லவில்லை. பையில் இருக்கட்டும். சமயத்துக்கு ஆகும்.

ஏன் கையை நீட்ட மாட்டேங்கறீங்க?

சரி, கேட்கவே மறந்துட்டேன். இதுகளை எடுத்துட்டு வரச் சொல்லி உங்களை யார் அனுப்பினது? ஆபீஸா?

இல்லையா? பின்னே?

…ஓ.

பாவாயி ஷெட்டுக்கே வந்தாளா? எப்ப? நடந்தா? அந்தச் சுற்றுப்பாதையில, இந்த வெயில்லயா? அவளுக்கு முழங்கால் வலிங்க அம்மிணி, ரேசன்கடைக்குக்கூடப் போக மாட்டா.

என்ன சொன்னா? இல்ல இல்ல, நீங்க சொல்ற மாதிரி வேண்டாம். அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க. வார்த்தை மாறாம. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். சொல்லுங்க.

…

இன்னொரு தடவை சொல்லுங்க.

"அதையெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க தாயி. இல்லன்னா நீங்க பெத்தவளுக்கு ஒத்தைப் பிள்ளையா இருந்தாலும் அந்த மனுசன் உங்களுக்கும் ஒண்ணு குடுத்துருவாரு."

அப்படித்தான் சொன்னாளா? அழுதாளா? அழலையா. நின்னுக்கிட்டே சொன்னாளா.

ம்.

இது… இது உங்களுக்குன்னுதான் தொடைச்சேன். நல்லதைத்தான் எடுத்தேன். நான் எப்பவும் நல்லதைத்தான்…

தண்ணி வேண்டாம் அம்மிணி. சொம்பு அங்கயே இருக்கட்டும்.

சாக்கை விரிங்க. நீங்க தொட வேண்டாம், நானே பிடுங்கறேன். வேர் விட்ட மாதிரி நிக்குது பாருங்க. இது அந்தப் பொண்ணு திருப்பிக் கொண்டாந்து குடுத்தது. இது வேதநாயகம் சார் முதல்ல கொண்டாந்தது. இது… எல்லாம் போட்டாச்சு. இதுவும். ஆமா, கறுப்பும்தான். அவ "அதையெல்லாம்"னுதானே சொல்லியிருக்கறா.

கொண்டுபோயி என்ன பண்ணுவீங்க? சுத்தியலாலயா?

ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் அம்மிணி. அது தூரம். சுத்தியல் நீங்க வந்த வண்டியில இருக்குதில்ல, எடுத்துட்டு வாங்க. இந்தக் கெடா வெட்டற கல்லு மேல வெச்சு அடிங்க. ஒவ்வொண்ணா, நல்லா ஓங்கி அடிங்க. இங்க அடிச்சா வீட்டுக்குக் கேக்கும். இந்நேரத்துக்கு அவ வாசல்லதான் உட்கார்ந்திருப்பா.